ஒரு முறைதான் ஒலிக்கும்

பீர்ஜந்த் நகரின் மழலையர் பள்ளியில்
விளையாட்டுச் சாமான் அறையை எனக்கு ஒழித்துத் தந்தார்கள்.
ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு
சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப்
பந்துக் கூடைக்குள் புதைத்தேன்.
பந்துகளுக்கு அடியிலிருந்தும் அது டிக்டிக்கென்றது.

நாற்பது சொற்கள் கொண்டுவந்திருந்தேன்.
ஒன்றுக்கும் பொருள் கிடையாது.
அப்படிச் சொல் செய்வது லேசான காரியமில்லை.
பாரசீகச் சொல்போலவே வாயில் உருள வேண்டும்,
அகராதியில் மட்டும் அகப்படக் கூடாது.
ஏழு மாதம் அசைகளைக் கோத்தேன், அவிழ்த்தேன்.
ஒன்றை முணுமுணுத்துப் பார்த்தபோது
டாக்ஸிக்காரர் கண்ணாடிவழியே சிரித்தார்:
"எங்கள் ஊர்ப்பக்கம் முரட்டுக் கிடாவை
இப்படித்தான் திட்டுவோம், அம்மா."
அன்றைக்கே அதை அடித்தேன்.
நாற்பத்தொன்று நாற்பதானது அப்படித்தான்.

விதி எளிது.
ஹெட்போனில் சொல் ஒரு முறைதான் ஒலிக்கும்.
கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்ல வேண்டும்.
சரியென்றால் ஒன்று. ஓர் ஒலி பிசகினாலும் சுழி.
சோதிப்பவர் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது.
என் முகம் அதற்குப் பழகிய முகமில்லை;
படிவத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

இலியார். நான்கு வயது, மூன்று மாதம்.
ஒரு சக்கரம் கழன்ற லாரியை மடியில் வைத்தபடி
ஓரசைச் சொற்களையெல்லாம்
பந்தைப்போல் பட்பட்டென்று திருப்பி எறிந்தான்.
ஈரசைக்கு வந்தோம்.
பெதாஷ், என்றது ஹெட்போன்.
"பெதர்" என்றான்.
அப்பா.
இரண்டு சொல் தள்ளி, தெபார்.
"பெதர்."
பிறகு மெதல்.
கொஞ்சம் யோசித்தான். லாரியை ஒரு சுற்று ஓட்டினான்.
"பெதர்."

அஸலூயே எரிவாயு ஆலையில் வேலையாம்,
இருபத்துநாலு நாள் அங்கே, ஆறு நாள் இங்கே.
ஆசிரியை சொன்னார், நான் கேட்காமலே.
இன்று எத்தனையாவது நாள் என்று
நானும் கேட்கவில்லை; படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
பிழை வகை என்ற கட்டம் இருந்தது.
பழகிய சொல்லை இட்டு நிரப்புகிறான், என்று எழுதினேன்.
மூன்று சுழி.

அடுத்தவள் பரஸ்தூ.
மூச்சுவிடாமல் முப்பது சொல் சொன்னாள்.
நாலசையில் ஒன்று: லெமாஜோரக்.
"அது கடிக்குமா?" என்றாள்.
பதில் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
கடிக்குமென்றால் சொல்லுக்குப் பல் முளைத்துவிடும்,
கடிக்காதென்றாலும் ஏதோ ஒரு உடம்பு வந்துவிடும்.
பென்சிலைத் தட்டினேன்.
"லெஜாமோரக்" என்றாள்.
நடுவிலிருந்த இருவர் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள்.
சுழி.

எல்லாம் முடிந்து ஸ்டிக்கரும் வாங்கிக்கொண்டு
வாசலில் குந்தி
இடது செருப்போடு மல்லுக்கட்டியவள்
அதை அதட்டினாள்:
"லெமாஜோரக், உள்ளே போ!"

நாலு அசையும் அததன் இடத்தில்.
பதிவுக் கருவியை நான் அணைத்திருந்தேன்.
அணைக்காவிட்டாலும், முதல் பதில்தான் கணக்கு.
அழிப்பான் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.
தொடவில்லை.

இரவு, மின்கட்டணம் கட்ட உட்கார்ந்தேன்.
கணினி இந்த அறையில்,
கைபேசி அடுப்படியில் சார்ஜரில்.
வங்கி அனுப்பிய ஆறு எண்களை உதட்டில் உருப்போட்டபடி
கூடத்தைக் கடக்கையில்
"பருப்பை இறக்கட்டுமா?" என்றான் பெஹ்தாத்.
நாலு, சுழி, ஏழு.
அதற்கப்புறம் பருப்பு.
திரும்பிப் போனேன்; அந்த எண் காலாவதி.
இரண்டாவதை நிலைப்படி வரைக்கும் கொண்டுவந்தேன்.
மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
மூன்றாவதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கு நாங்கள் பேனா தருவதில்லை.