கழிவு

கிளினிக் கொப்பியில் தாதி
மூன்று கிலோ குறைக்கவும் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.
மூன்று கிலோ எனக்குத் தெரியும்.
நடுத்தரப் பாரை ஒன்று.
வாலைப் பிடித்துத் தூக்கினால்
மணிக்கட்டு கொஞ்சம் சரியும், அவ்வளவுதான்.
பதினேழு வருசமாய் மீன்வாடியில்
நிறுத்து எழுதுகிறவன் நான்.

"ஓடு மச்சான்" என்றான் நிசாம்தீன்,
ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து.
"ஓடாமல் ஒரு அவுன்சும் கழராது."

ஓடினேன்.
டச்பே மணலில், விடிய ஐந்தரைக்கு,
மச்சான் கழற்றிவிட்ட சப்பாத்தில்
கடுதாசி அடைந்துகொண்டு.
கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு
சோற்றுப் பார்சலின் தாளை மென்றபடி
தலை தூக்கிப் பார்த்தன.
ஓடுவதற்கென்றே பிறந்த சாதி.
ஒன்றும் ஓடவில்லை.

திரும்பும் வழியில் பசி
எனக்கு முன்னால் ஓடிப்போய்
செல்லையாவின் கடை வாங்கில் இருந்தது.
உளுந்துவடை மூன்று,
சீனி தூக்கலாய்ப் பால்தேத்தண்ணி.
அரை மணித்தியால ஓட்டத்தை
ஐந்து நிமிசத்தில் தின்று முடித்தேன்.
இப்படிப் பன்னிரண்டு நாள்.
கிளினிக் தராசில்
அரைக் கிலோ கூட.

தவநிதி விரல் மடித்து எண்ணினாள்:
நாளுக்கு ஏழு தேத்தண்ணி,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி.
"ஓடுறது உங்கட விருப்பம்.
சீனிப் போத்தல் என்ர பொறுப்பு."
அன்றிரவு புட்டு
ஒரு குழலோடு நின்றது.
மற்றக் குழல் ஆவி பறந்தபடி
அடுப்படியில் என்னைப் பார்த்திருந்தது.

படுக்கையில் யோசித்தேன்.
ஐஸ் போதாத இரவில் பெட்டிக்குள் கிடக்கும் சூரை
விடியும்போது கால் கிலோ குறைந்திருக்கும்.
நீந்தவில்லை. ஓடவில்லை.
ஒன்றும் உள்ளே போகவில்லை, அதுதான்.
சாம்பல்தீவில் கரைவலை இழுக்கும் மரியதாசுக்கோ
தோள் மரம், கால் மரம்,
நடுவில் மட்டும் பானை வயிறு.
இழுத்து முடித்து அவன் சோறு தின்னும் கோப்பையை
நான் கண்டிருக்கிறேன்.

மூன்று மாதம் போனது.
பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை குத்தினேன்.
ஓட்டம் எப்போதோ நின்றுவிட்டது.
நடப்பதை மட்டும் ஏனோ விடவில்லை.
கோணேச்சர ஏற்றத்தில் முன்பு
நாலு தரம் நின்று
கடல் பார்ப்பதாய் நடிப்பேன்.
இப்போது ஒரு தரம்,
அதுவும் உண்மையாகவே பார்க்க.

நிசாம்தீனுக்கு அத்தாட்சி வேண்டும்.
"ஓடாமலோ? ஏறு தராசில்."
எந்தத் தராசு என்று கேட்டேன்.
கேட்டபிறகுதான்
கேட்டது எனக்கே கேட்டது.

வாடியில் இரண்டு தராசு.
வாங்குகிற தராசில் ஏறினேன்:
நாலு கிலோ குறைவு.
விற்கிற தராசில் ஏறினேன்:
இரண்டுதான்.
நிசாம்தீன் வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.
"அப்ப நீ கிலோ என்ன விலை?"

வாசலில் மரியதாஸ் சிரிக்கவில்லை.
கூடையைத் தோளிலிருந்து இறக்காமல்
இந்தத் தட்டையும் அந்தத் தட்டையும்
மாறி மாறிப் பார்த்தான்.
ஓட்டம் இல்லாமல், பட்டினி இல்லாமல்
அவன் கூடையில் பதினேழு வருசமாய்க்
குறைந்துகொண்டு வருவதை
என் கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

இறங்கினேன்.
தட்டில் என் இரண்டு பாதமும் ஈரமாய்.
துடைக்கத் துணி தேடினேன்.
"பரவாயில்லை" என்றான் மரியதாஸ்,
"அதையும் சேர்த்துக் கழி."