தாழ்ப்பாள் இருந்த பக்கம்

மார்ச் மாதம், மூடுபனி விலகிய ஒரு காலையில்
எங்கள் விரிகுடாவுக்குள் தானே வந்து நின்றது
ஆல்பினா என்ற அந்தக் கப்பல்.
யோக்வன் டேனிஷில் கூப்பிட்டார்.
ஆங்கிலத் துறைமுகங்களில் மீன் விற்றுப் பழகிய ட்ரோந்துர்
அந்த மொழியிலும் கூப்பிட்டான்.
கடற்பறவைகள்தான் எழுந்தன.

ஏறிப் பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல
தீவின் அதிகாரி கணக்கெழுதினார்:
உப்பு மீன் நாற்பது பீப்பாய்.
குடிநீர் பாதி.
படகு இல்லை. அதைக் கட்டியிருந்த கயிறு
அறுக்கப்படவில்லை, அவிழ்க்கப்பட்டிருக்கிறது.
அடுப்புக்கு மேல் கொடியில் கையுறை, ஏழு ஜோடி.

மார்ச் மாதத்துக் கடலில்
வெறுங்கையோடு துடுப்புப் பிடிக்க யார் இறங்குவார்?
அதை அவர் எழுதவில்லை.
எண்ணிக்கைதான் எழுதினார்.

பின்பக்கம் ஓர் அறை, வெளியே தாழிட்டபடி.
தாழை நீக்கியது என் கணவர் சாமல்.
உள்ளே கட்டில், மடித்த போர்வை,
சாப்பாட்டுத் தட்டளவு சன்னல்,
அதுவும் திருகி மூடியது.
வேறு வழியே இல்லாத அறை.
ஆள் இல்லை.

ஃபாரோவில் மரம் முளைப்பதில்லை.
எவருடைய கப்பலோ உடைந்தால்தான்
எங்களுக்குக் கூரை.
ஏலத்தில் ட்ரோந்துருக்கு உத்தரம் கிடைத்தது,
தேவாலயத்துக்குப் பலகை,
இரண்டு குரோனருக்கு எங்களுக்கு அந்தக் கதவு.

மறு வருடம் கோப்பன்ஹேகனிலிருந்து கடிதம்.
கப்பலில் போனவர்களின் பெயர்கள்.
பாதிரியார் வாசித்தார், விரல் விட்டு எண்ணினார்,
மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.
எட்டு.

கதவை மாட்டும்போது சாமல் திருப்பித்தான் மாட்டினார்.
தாழ்ப்பாள் வீட்டுக்குள் வர வேண்டுமே,
வேறெப்படி மாட்டுவது?
ஆனால் இரவில் தாழிடக் கை நீட்டும்போது
நான் நிற்பது
தாழிட்டவன் நின்ற இடம்.
அப்படியானால்
அடைபட்டவன் இருந்த அறை
எங்கள் வாசலில் தொடங்குகிறது.
ஆட்டுப் பட்டி, பாறை, அலை,
நார்வே வரைக்கும் இருட்டு,
எல்லாமே அந்த ஒரே அறை.

சாமலிடம் சொன்னேன்.
"காற்று வரும், தாழைப் போடு" என்றார்.
போடுகிறேன். தினமும் போடுகிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் பழுப்புக் கம்பளி நூலில்
ஒரு ஜோடி கையுறை பின்னுகிறேன்.
கதவின் அந்தப் பக்கத்தில்
ஆணிகூட அடித்துவிட்டேன்.
யாருக்கு என்று சாமல் கேட்கவில்லை.
"அளவு தெரியாமல் எப்படிப் பின்னுவாய்?"
அதுதான் கேட்டார்.

கொஞ்சம் பெரிதாகவே பின்னுகிறேன்.