ஆறு மணிக்கு ஒப்படைக்க வேண்டியது

காலை எட்டு முதல்
பீடோர் நகைக்கடை வாசலில்
இவர் தோளில் துப்பாக்கி.
ஆறடித்தால்
தோட்டாவை எண்ணிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு,
வெறுங்கையோடு மோட்டாரில்
செம்பனைக் காட்டு வீட்டுக்கு வருகிறார்.

போன வாரம் தவமணி வீட்டுக் கிரில்லை
அறுத்து நுழைந்தார்கள்.

"உனக்கு எது தோது?"
மேசைமேல் பாராங், குலை வெட்டும் அரிவாள்,
மகனின் ஹாக்கி மட்டை.

பாராங் கனம்.
அரிவாள் முதலில் என்னையே வெட்டும்.
மட்டையை எடுத்தேன்.
"வீசிக் காட்டு."
வீசினேன். காலண்டர் கிழிந்தது.
"யாரை நினைச்சு வீசின?"
சொல்லவில்லை.
பிடிபட்டவனுக்குப் பதினேழு வயசாம்,
நம் பள்ளிக்கூடப் பையனாம்.

மட்டை இப்போது கதவுக்குப் பின்னால்.
இவர் தூக்கத்திலும்
வலது தோளைத்
தடவித் தடவித் தேடுகிறார்.