கடைசி பஸ்ஸில் அமலதாஸ்

ஏற்காட்டிலிருந்து இறங்கும் கடைசி வண்டி.
என் மனைவியின் தம்பி அமலதாஸ்
எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு
இருபதாம் வளைவின் பலகை வருமுன்பே
ஆரம்பித்துவிட்டான்.
இப்போது அவன் பிரதர் யோசுவா.
கோரிமேட்டில் தகரக் கூரைச் சபை, டிரம் செட்,
இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை.
பழைய பெயர் அமல அன்னைக்கு நேர்ந்து வைத்தது.
அதை அவன் யாரிடமும் சொல்வதில்லை.

கண்ணாடியில் ஆடும் ஜெபமாலையைக் காட்டி
‘இதெல்லாம் வேதத்தில் எங்கே மாமா?’ என்றான்.
இரண்டாம் கியருக்கு இறங்கினேன்.
வேதம் அச்சடித்து, தோல் அட்டை போட்டு
வானத்திலிருந்து விழவில்லை தம்பி.
எது வேதம், எது வெறும் கடிதம் என்று
யாரோ உட்கார்ந்து பிரித்தார்கள்.
அந்தக் கைகளை நம்பித்தான்
நீயும் பக்கம் புரட்டுகிறாய்.

காதில் வாங்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குத் தாவினான்.
மனுஷனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?
போன ஞாயிறு அவன் சாட்சி சொன்னதை
எதிர் டீக்கடையில் நின்று நானே கேட்டேன்.
குடித்தது, அக்காள் கொலுசைச்
செவ்வாப்பேட்டையில் அடகு வைத்தது,
இருநூறு பேருக்கு, மைக்கில், எதிரொலியோடு.
நான் ஒரே ஒருவரிடம்
மரச் சல்லடைக்கு இந்தப் பக்கமிருந்து முணுமுணுக்கிறேன்.
எங்கள் சாமியாருக்குக்
காது வேறு கொஞ்சம் மந்தம்.

மூடுபனி.
பன்னிரண்டாம் வளைவில் பலாப்பழ லாரி ஒன்று
விளக்கில்லாமல் மேலே ஏறி வந்தது.
‘மாதாவே!’ என்று அலறினான் அமலதாஸ்.
அதே நொடியில் என் வாயில் வந்தது
இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தை.
ஆகவே அவன் அலறலை
என் கட்சிக்குச் சாட்சியாகச் சேர்க்கவில்லை.

மூச்சு திரும்பியதும்
விசுவாசம் மட்டுமே போதும் என்றான்.
இந்த மலையை நான் படைக்கவில்லை.
பாதையை நான் வெட்டவில்லை.
ஸ்டியரிங்கை ஒடிக்கும் தோளின் பலம்கூட
எவனோ கொடுத்தது.
அதற்காக, பாதையை நம்புகிறேன் என்று
வளைவில் கையைக் கட்டிக்கொண்டால்
பின்னால் தூங்கும் நாற்பத்திரண்டு பேர்
காலையில் எங்கே விழிப்பார்கள்?

உலகம் ஆறே நாளில் என்பான்.
எழுத்துக்கு எழுத்து அப்படியே என்பான்.
‘இது என் சரீரம்’ என்ற வரிக்கு வந்தால் மட்டும்
அது அடையாளம் மாமா, என்பான்.

உத்தரிக்கிற ஸ்தலத்தைச் சொல்லிச் சிரித்தபோது
அடிவாரம் வந்துவிட்டது.
குழாயடியில் இறங்கிக் கை கழுவினேன்.
கறுத்த தண்ணீர் ஓடுவதைப் பார்த்தபடி சொன்னேன்:
வீடு என்னுடையதுதான். யாரும் விரட்டவில்லை.
ஆனாலும் இந்தக் கிரீஸ் கையோடு
பிள்ளையைத் தூக்க மனசு வருமா?

ஒன்றை மட்டும் அவன் கேட்கவில்லை.
எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்
நடுவே ஏன் அந்தச் சுவர்?
என் அப்பா எந்தப் பக்கம் கிடக்கிறார்
என்பது அவனுக்குத் தெரியும்.
அவன் அப்பாவும் அதே பக்கம்தான்.
ஜெபமாலையாலோ சிலையாலோ அல்ல,
அந்தச் சுவரால்தான் போனானோ என்று
சில இரவுகளில் தோன்றும்.
சுவருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.
பாதிரியாரிடம் சண்டை போட்டாயிற்று,
ஆயருக்கு மனு எழுதியாயிற்று,
இன்னும் நிற்கிறது.
என்றாலும் சுவரின் இரு பக்கத்துப் பிள்ளைகளும்
ஒரே வரிசையில் நகர்ந்து
ஒரே அப்பத்துக்கு வாய் திறக்கும் அந்த நேரம்
அதைவிடப் பழையது.
அதற்காக இருக்கிறேன்.

கோரிமேட்டில் இறங்கும்போது
‘உங்களுக்காக ஜெபிக்கிறேன் மாமா’ என்றான்,
உண்மையாகவே.
‘ஜெபி’ என்றேன்.
‘செத்துப்போன பிறகும் நிறுத்திவிடாதே.’

கண்டக்டர் விசில் கொடுத்தார்.