கீழ்த்தாடை, இடப்புறம்

கரண்ட் போய் இருபது நிமிடம்.
கீழே ஐஸ் கம்பெனிக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடுகிறது.
பாம்பன் கிளினிக்கின் ஒற்றை நாற்காலியில்
சவரியடிமை வாய் திறந்து கிடக்கிறார்.
அட்டையில் வயது ஐம்பத்தெட்டு.
அறுபத்தொன்று என்கிறாள் பிரகாசி, அவர் மனைவி.

வலி இல்லையாம்.
காலையில் துப்பினால் எச்சில் சிவக்கிறது, அவ்வளவுதான்.
அதையும் பார்த்தது பிரகாசி.

கறுப்புக் கோடு போட்ட மெல்லிய கம்பி, நுனி மழுங்கியது.
பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்குகிறேன்,
நகத்தடியில் செருகினாலும் வலிக்காத
அவ்வளவே அழுத்தி.
ஒரு பல்லுக்கு ஆறு இடம்.
"மூன்று, இரண்டு, மூன்று."
செல்போன் வெளிச்சத்தில் ரிஸ்வானா எழுதுகிறாள்.
"இரண்டு, இரண்டு, நான்கு. நான்கில் இரத்தம்."
சிவப்புப் பேனாவை உதறி உதறி
ஒரு புள்ளி வைக்கிறாள்.

கம்பியை எடுத்த இடைவெளியில் கேட்கிறார்:
"எத்தனை பாகம் டாக்டரம்மா?"
எக்கோ மெஷின் மக்கர் பண்ணும் நாளில்
ஈயக்குண்டின் அடியில் கிரீஸ் தடவி
கயிற்றில் இறக்குவாராம்.
ஆழத்தைக் கயிறு சொல்லும்.
சேறா, மணலா, பாரா என்பதை
கிரீஸில் ஒட்டி வருவது சொல்லும்.
"நீங்க ஆழம் மட்டுந்தான் பாக்குறியளோ?"

ஒட்டி வருவதையும்தான்.
வாயைத் திறங்க.

முதல் கடைவாய்ப் பல் அவருடையதில்லை.
மூன்று வருஷம் முன்பு ஒரு தடைக்காலத்தில்
வள்ளத்தில் தன் பங்கை விற்று
மதுரையில் வைத்துக்கொண்ட டைட்டானியம்.
இதற்கு பிளாஸ்டிக் கம்பி. கை இன்னும் லேசாக.

பிறந்த பல்லை எலும்பு நேராகப் பிடித்திருப்பதில்லை.
நடுவில் நார்க்கட்டு. கடித்தால் மயிரிழை அசையும்.
நெத்திலியில் ஒரு மணல் கிடந்தாலும்
உடனே காட்டிக்கொடுக்கும்.
ஈறும் தன் நாரை வேரில் செருகித்தான் நிற்கும்.
டைட்டானியத்தின் பக்கத்தில் அதே ஈறு
துறைச்சுவரை உரசி நிற்கிறது,
கயிறு போடாமல்.

"ஐந்து, நான்கு, ஆறு."
மூன்றிலும் இரத்தம்.
விரலால் ஈறை அழுத்தினேன்.
மஞ்சளாக ஒரு துளி ஏறி வந்தது.
சேறு.

"ஆறுன்னா மோசமா மேடம்?" ரிஸ்வானா நிமிர்கிறாள்.
சீழ் இருக்கும்போது நல்லதென்று சொல்ல முடியாது.
எவ்வளவு மோசம் என்பதற்கு இன்னொரு எண் வேண்டும்:
வைத்த புதிதில் எவ்வளவு இருந்தது?
ஆழப் பதித்த திருகென்றால்
அன்றைக்கே ஐந்து இருந்திருக்கலாம்.
ஐந்து ஆறானதும் மூன்று ஆறானதும்
ஒரே ஆறு இல்லை.

மதுரை அட்டை? கார்த்திகை மழையில் கூழாகிவிட்டது.
சவரியடிமை கையை விரித்தார்.

பிரகாசி ரேஷன் கார்டைப் பிரித்து
அதற்குள்ளிருந்து ஒரு எக்ஸ்ரே எடுத்தாள்.
தபால் தலை அளவுகூட முழுசாய் இல்லை.
ஜன்னலில், தென்கடலுக்கு எதிரே பிடித்தேன்.
முதல் மரைக்கு மேலேயே எலும்பு நிற்கிறது.

கரண்ட் வந்ததும் புதிது எடுத்தோம்.
இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது
எனக்கு முன்னால் அவள் எண்ணிவிட்டாள்:
"மூணு மரை வெளிய நிக்குது."

சுத்தம் செய்யணும், பீடி நிறுத்தணும்,
இந்தச் சின்ன பிரஷ், தினமும் ராத்திரி,
ஆறு வாரத்தில் மறுபடி அளக்கணும்,
தேவைப்பட்டால் ஈறைத் திறந்து...
"ஒரு வலிகூட இல்லையே," என்றார் மறுபடியும்,
ஏமாற்றப்பட்டவர் குரலில்.

அவர் எழுந்ததும் பிரகாசி
செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறினாள்.
உங்களுக்கு என்ன செய்யுது?
"ஒண்ணும் செய்யல.
இன்னைக்கு எவ்வளவுன்னு மட்டும் எழுதிக் குடுங்க."

ரிஸ்வானா புது அட்டை எடுத்துத் தேதி போட்டாள்.
மேல்தாடை, வலப்புறம், கடைசிப் பல்.
"இரண்டு," என்றேன்.