கோட்டில் நிற்பவை

பிற்பகல் மூன்றுக்கே ஹந்தானையில்
முகில் இறங்கிவிட்டது.
ஆய்வுகூடத்தில் சூடான இடம் ஒன்றுதான்,
முப்பத்தேழு பாகையில் நிற்கும் இன்கியுபேட்டர்.
திறக்கும்போது முகத்தில் படுவது
யாரோ பக்கத்தில் நின்று மூச்சுவிட்டது போல.

குடுவையின் அடியில் ஒட்டிப் படர்ந்திருந்தன.
ட்ரிப்சின் இரண்டு மில்லிலீற்றர், மூன்று நிமிடம்.
பிடி தளர்ந்து, உருண்டு,
ஒவ்வொன்றாய் மிதக்கத் தொடங்கின.
பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன்.
போதும், வலிக்கும் என்றாள் சந்தமாலி
சிங்களத்தில், சிரிக்காமல்.

கலம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம்.
பாத்திரம் என்றும் பொருள், கப்பல் என்றும் பொருள்;
பரீட்சைக்கு ஒன்று போதும்.
இங்கே எல்லாருக்கும் அது செல்.
ஒரே செல்லிலிருந்து பெருகிக்கொண்டே போகும் வம்சம்
செல் லைன்.
வந்த முதல் நாள்
எந்த லைன் என்று சந்தமாலி கேட்டாள்.
கீழ்க்கணக்கு, ஆறாம் நம்பர், நாலாம் காம்பிரா
என்று சொல்லிவிட்டேன்.

ஒரு துளிக்கு ஒரு துளி நீலம்.
உயிருள்ளது நீலத்தை உள்ளே விடாது.
செத்தது மறுக்காது,
நிறையும்வரை வாங்கிக்கொள்ளும்.
இவ்வளவுதான் சோதனை.
ஆயினும் ஒவ்வொரு முறையும்
நுணுக்குக்காட்டியில் கண் வைக்கும் முன்
எனக்குத் தொண்டை வறளும்.

தடித்த கண்ணாடித் தகடு.
அதில் வைரமுனையால் கீறிய கட்டங்கள்.
நான்கு மூலைகளை மட்டும் எண்ண வேண்டும்,
கட்டைவிரலுக்கடியில் எண்ணி டிக், டிக் என்கும்.
கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பவற்றுக்கு
ஒரு விதி உண்டு:
மேல்கோட்டையும் இடக்கோட்டையும் தொட்டவை சேரும்,
கீழ்க்கோட்டையும் வலக்கோட்டையும் தொட்டவை சேரா.
ஒன்றையே இருமுறை எண்ணிவிடாதிருக்க.
அது அடுத்த கட்டத்துக் கணக்கு, விடு
என்றுதான் எனக்கும் சொன்னார்கள்.
அடுத்த கட்டத்தை
யாரும் எண்ணுவதில்லை.

நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு.
மூன்றாம் மூலையில் இருந்தபோது தொலைபேசி.
கையுறையோடு, முழங்கையால் தள்ளித் திறந்தேன்.
அக்கா. பின்னால் மழையும் தராசுச் சங்கிலியும்.

இன்னிக்கி அரைப் பேருதான்.
எத்தனை கிலோ?
நிறுத்தா பதினெட்டு சரியா இருந்திச்சி.
தண்ணிக்குன்னு ரெண்டு கழிச்சிட்டான்.
மழைய நானா ஊத்துனேன்?

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
நீ என்ன செய்யிற என்றாள்.
எண்ணிக்கிட்டிருக்கேன் என்றேன்.
எதை என்று கேட்கவில்லை.
வை வை, விட்டுப்போயிரும் என்றாள்.

விட்டுத்தான் போயிருந்தது.
மூன்றாம் மூலையை முதலிலிருந்து எண்ணினேன்,
நாற்பத்துநான்கு. கடைசி முப்பத்தேழு.
நீலம் குடித்தவை பன்னிரண்டு.
நான்கால் வகுத்து, இரண்டால் பெருக்கி,
பிறகு பத்தாயிரத்தால்:
மில்லிலீற்றருக்கு எட்டு லட்சம் உயிர்.
எட்டு லட்சத்தில் நான் கண்ணால் பார்த்தது
நூற்று அறுபது.

தகட்டைக் கழுவியிருக்கலாம்.
கழுவவில்லை. மறுபடி குனிந்து
கீழ்க்கோட்டிலும் வலக்கோட்டிலும் நின்றவற்றை
மூலை மூலையாக எண்ணினேன்.
வட்டமானவை, ஓரம் ஒளிர்பவை,
ஒன்று அப்போதுதான் இரண்டாகிக்கொண்டிருந்தது,
இடுப்பு ஒடுங்கி.
அதை ஒன்றென்பதா இரண்டென்பதா?
இரண்டு என்று வைத்தேன். இருபத்துமூன்று.

இதற்கு எந்தப் பத்தி என்றாள் சந்தமாலி
தோளுக்குப் பின்னால் நின்று.
பத்தி இல்லை என்றேன்.
பென்சிலை அவளே எடுத்துத் தந்தாள்.
ஓரத்தில் எழுதினேன், சிறிதாக.

புதுக் குடுவைகள் மூன்று,
ஒவ்வொன்றிலும் திகதி, பத்தொன்பதாம் தலைமுறை.
மீதியை வெளிற்றும் தூள் கரைத்த வாளியில் ஊற்றினேன்.
சத்தமே இல்லை.

பதிவேட்டின் அடியில்
எண்ணியவர் என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்,
இரண்டு அங்குலம்.
வழக்கமாக முதலெழுத்து மட்டும் போடுவேன்.
இன்று முழுப் பேரையும் எழுதினேன், அப்பா பேரோடு.
இடம் போதாமல்
கோட்டைத் தாண்டிப் போனது.