மங்கலான படங்களை நீக்கலாமா?

இடமில்லை என்கிறது கைப்பேசி.
பாசிர் ரிஸ்ஸிலிருந்து திரும்பி
மணல் உதிராத காலோடு
கட்டிலில் கிடக்கிறேன்.
இருநூற்றுப் பதினேழு படங்கள்.

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள்.
நம் பண்டிகை இல்லை என்பதால்
யாரும் விடியலில் எண்ணெய் தேய்க்கவில்லை,
பட்டுப்புடவைக்கு இஸ்திரி தேடவில்லை,
யார் வீட்டுக்கு முதலில் போவது என்ற
வழக்கமான சண்டையும் இல்லை.
விடுமுறை மட்டும் நம்முடையது.

படத்திலேயே தெரிகிறது.
அம்மா, நைட்டிக்கு மேல் அப்பாவின் சட்டை.
அத்தான், ஐஸ்பெட்டிமேல் தலைவைத்து
வாய் திறந்த தூக்கம். நான்கு கோணங்களில்.
எடுத்தவள் அக்கா, அதாவது அவர் மனைவி.
சாங்கியில் இறங்கும் விமானங்கள், பன்னிரண்டு.
எதிலும் நமக்குத் தெரிந்தவர் இல்லை.

இருபதாவதில் அடுப்பு, கரி, சுற்றிலும் ஆறு பேர்.
புகையில்லை.
தீ மூட்ட யாரும் எதுவும் கொண்டுவரவில்லை,
கடைகளெல்லாம் மூடிய நாள்.
பக்கத்து விடுதியில் சீட்டாடிக்கொண்டிருந்த
கோ குடும்பத்தாரிடம் லைட்டர் கேட்கப்போன தம்பி
ஒரு பை ஆரஞ்சும் சேர்த்து வாங்கிவந்தான்.
பதிலுக்குப் போனது ஒரு தட்டு மட்டன் பிரட்டல்.
காரம் என்று சொல்ல மறந்துவிட்டோம்.
முப்பத்து நான்கு: கண்ணைத் துடைத்தபடி திரு கோ,
கட்டைவிரல் மட்டும் நிமிர்ந்து.

பூபாலன் மாமா கரியை விசிறுகிறார்,
கையில் யாருடையதோ ஒரு பச்சை மூடி.
தவமணி சித்தி பத்தடி தள்ளி
முதுகு காட்டி மீஹூன் பரிமாறுகிறாள்.
பெடோக் வீடு விற்ற வருடத்திலிருந்து
அண்ணனும் தங்கையும் ஒரு சட்டகத்துக்குள் வந்ததில்லை.
ஒருவர் வந்து நின்றால் மற்றவருக்குத்
திடீரென்று கழிவறை ஞாபகம்.
குழுப்படத்துக்கு மூன்று முறை எண்ணினேன்,
மூன்று முறையும் ஒரு தலை குறைந்தது.

நூற்று நாற்பதுக்கு மேல் எல்லாம்
நேத்ரா எடுத்தவை. ஐந்து வயது.
அவள் உயரத்து உலகம்:
செருப்புகள், முழங்கால்கள்,
மேசையின் அடிப்புறம், அதில்
தடை வருமுன் யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம்,
ஒரு பூனையின் வால், பூனை இல்லாமல்.

கைப்பேசி இவற்றைத்தான் முதலில் காட்டுகிறது.
மங்கலான படங்களை நீக்கலாமா?
ஐம்பத்தாறு.
அனைத்தையும் தேர்ந்தெடு.
விரல் போயேவிட்டது,
அப்புறம் நின்றது.

நூற்று அறுபத்திரண்டு.
மேசைவிரிப்பின் ஓரம், பாதிக்கு மேல் இருட்டு.
கறுப்பு காசியோ கடிகாரம் கட்டிய கை
உரித்த ஆரஞ்சில் பாதியை நீட்டுகிறது,
நாரைக்கூட எடுத்துவிட்டு.
வாங்கும் கையில் மோதிரவிரல் வளைந்திருக்கிறது,
கப்பல் பட்டறையில் எப்போதோ நசுங்கியது.
முகங்கள் இல்லை.
மேலே அப்போது என்ன பேசினார்கள்,
பேசினார்களா,
தெரியாது. நான் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து
சோளம் கருகியதற்குப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அனுப்பலாம்.
அனுப்பினால் அழுவாள்.
அழுது முடித்து எல்லாரையும் கூப்பிடுவாள்.
அடுத்த ஞாயிறே அது ஒரு சமாதானமாகிவிடும்,
சாட்சிகள், சாம்பார், பாயசம் சகிதம்.
வேண்டாம்.
மேசைக்கடியிலேயே இருக்கட்டும்.

இடத்துக்காக அத்தானின் தூக்கத்தில்
மூன்று கோணங்களை நீக்கினேன்.
வழக்குக்கு ஒன்று போதும்.

பதினொன்றரைக்குக் குடும்பக் குழுவில் சித்தி:
‘என் டப்பர்வேர் பச்சை மூடி யாரிடம்?
செட்டில் ஒன்று குறைகிறது.’
எல்லாரும் பார்த்துவிட்டார்கள்,
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பிறகு மாமா
தட்டச்சு செய்கிறார்,
நிறுத்துகிறார்,
தட்டச்சு செய்கிறார்.

‘என்கிட்டதான்.
ஓரம் உருகிப்போச்சு.’